கண் மருந்தைக் குடிக்கக் கொடுத்தவர்

விதி எண் பதினான்கு, உட்பிரிவு ஆ: ‘புறப் பயன்பாட்டுக்கென வாங்கப்பட்ட எந்த மருந்தும், எக்காரணம் கொண்டும், உட்கொள்வதற்கு வழங்கப்படலாகாது.’

இந்த விதியைத் தமிழில் எழுதியவன் நான். ஆங்கில மூலத்தில் ‘எக்காரணம் கொண்டும்’ கிடையாது. அது இல்லாமல் வாக்கியம் நொண்டியது, சேர்த்துவிட்டேன். மயிலாப்பூர் குளத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால் வரும் ஒரு சந்தில், ஒரு தரும ஸ்தாபனம் குழந்தைகளுக்காக மருந்தகம் ஒன்றை நடத்தி வந்தது. நான் அதன் மானேஜர். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் தியாகராய நகரில், செயலாளருடைய ஜவுளிக் கடையின் மாடியில் இருந்தது. விதிப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இப்போதும் எந்த எண்ணைக் கேட்டாலும் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

அந்த விதியை ஒரே ஒருவர்தான் மீறினார். மீறியதோடு நிற்காமல், மீறியிருப்பதாகக் கடிதம் எழுதி என்னிடமே தட்டச்சுக்குக் கொடுத்தார்.

எங்கள் டாக்டரம்மாவுக்குக் கேட்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். அனுமதி கேட்பதைச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த முதல் மாதம், எடை பார்க்கும் அறை இருட்டாக இருக்கிறதென்று கொத்தனாரை அழைத்துக் கிழக்குச் சுவரை உடைத்தார். கட்டடத்தில் மாற்றம் செய்ய வேண்டுமானால் வரைபடம் மூன்று பிரதி, மதிப்பீடு இரண்டு பிரதி, ஸ்தாபனக் குழுவின் தீர்மானம் ஒன்று வேண்டும். நான் விதியைச் சொல்லி முடிப்பதற்குள் வெயில் உள்ளே வந்துவிட்டது. அன்று மாலை தலைமை அலுவலகத்துக்கு என்னிடம் சொல்லி எழுத வைத்த கடிதம் ஒரே வரி: ‘கிழக்குச் சுவரில் ஜன்னல் திறக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

“இதுக்குக் குழு என்ன சொல்லுமோ தெரியலையே, டாக்டர்” என்றேன்.

“என்ன சொன்னா என்ன, மானேஜர்வாள்? தெரிவிச்சாச்சு.”

மானேஜர்வாள் என்று என்னை அழைத்த ஒரே ஆள் அவர்தான். மரியாதையா கேலியா என்று நான் கடைசிவரை விசாரிக்கவில்லை.

அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. காலையில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கிளம்பி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். மத்தியானம் திரும்பிப் போக மறுக்கும். டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “நாலு பேர் வாங்கோ” என்பார். குழந்தையோடு வந்த தகப்பன்மார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். தள்ளுவீர்களா என்று அவர் கேட்டதில்லை, மாட்டோம் என்று யாரும் சொன்னதுமில்லை. ஒருமுறை தணிக்கைக்கு வந்த செயலாளரும் அகப்பட்டுக்கொண்டார். பட்டு ஜிப்பாவோடு தள்ளினார். கார் கிளம்பிய பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, “இந்த அம்மா நம்ம கடையில சேல்ஸுக்கு வந்தா பஜார் பூராவும் நம்மளுதுதாம் போங்க” என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யாரையும் கடைக்கு ஆகுமா என்றே எடைபோடுவார்.

டாக்டரம்மா டானிக் எழுத மாட்டார். ‘பார்க்கலாம்’ என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. ஒன்று ‘ஆகும்’, இல்லையென்றால் ‘ஆகாது’. நோயாளிகளுக்கு இது பிடித்திருந்தது. என் போன்றவர்களுக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு மீனவத் தம்பதி வந்தார்கள். தகப்பன் கட்டுமரக்காரன். தாய்க்கு மாதம் ஏறியிருந்தது. அவள் தோளில் கிடந்த பெண் குழந்தையைப் பார்த்து, பெஞ்சில் இருந்த மற்ற தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை மறுபக்கம் நகர்த்திக்கொண்டார்கள். வாயைச் சுற்றிப் புண், விரல் நுனிகளில் புண், உட்காரும் இடமெல்லாம் புண். தலையில் முடி திட்டுத்திட்டாகக் கொட்டியிருந்தது. ஓயாத பேதி. ஒரே சுரத்தில் அழுதுகொண்டே இருந்தது, நடுவில் மூச்சு வாங்க மட்டும் நிறுத்தியது. சிரங்கு மருந்து, பூஞ்சைக் களிம்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

“மொத புள்ளைக்கும் இப்டியேதாம்மா ஆச்சு” என்றாள் தாய். “தோசம்னாங்க. மந்திரிச்சோம், கயிறு கட்னோம். போயிட்ச்சு.”

“அழாம சொல்லு. இவளுக்கு என்னிக்குப் பாலை நிறுத்தினே?”

“இது வவுத்துல வந்ததும் நிறுத்திட்டேன்.”

“புண்ணு எப்ப வந்தது?”

“அதுக்குப் பின்னாலதான்.”

“மூத்தவனுக்கு?”

தாய் யோசித்தாள். “அவனுக்கும் பால நிறுத்தினப்பறந்தாம்மா.”

டாக்டரம்மா எழுந்து தன் அலமாரியிலிருந்து ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழை எடுத்தார். கப்பல் தபாலில் பழசாகி வந்து சேரும் இதழ்கள் அவை. மத்தியானம் டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பார், பக்கங்களில் மிளகாய்ப்பொடி எண்ணெய் இருக்கும். இந்தப் பக்கத்திலும் இருந்தது. தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாக இருந்து, நிறுத்தியதும் இப்படிப் புண்ணும் பேதியுமாகிச் சாகும் குழந்தைகள் உண்டென்றும், அவர்கள் உடம்பு சாப்பாட்டிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளத் தெரியாத உடம்பென்றும், துத்தநாக உப்பை வாய்வழி கொடுத்ததும் தேறினார்கள் என்றும் அதில் இருந்தது. எனக்கு அவர் சொன்ன விளக்கம் அவ்வளவுதான்.

துத்தநாக உப்பு எங்களிடம் இருந்தது. துத்தநாக சல்பேட், வெள்ளைத் தூள். கண் சொட்டு மருந்து தயாரிக்க வாங்கியது. புறப் பயன்பாட்டுக்கு மட்டும்.

எங்கள் கம்பவுண்டர் பழைய ஆள். சீட்டைப் பார்த்துவிட்டு நேரே டாக்டரம்மாவின் மேஜைக்கு வந்தார்.

“மேடம், இது வாந்தி மருந்து மேடம். விஷம் குடிச்சவனுக்கு வாந்தி வரவைக்க இதைத்தான் கலக்கிக் குடுப்பாங்க. இந்தக் கொழந்தைக்கு ஏற்கெனவே மேலயும் கீழயும் போவுது.”

“நெறையக் குடுத்தா வாந்தி. கொஞ்சமாக் குடுத்தா மருந்து. எழுதியிருக்கற அளவு மட்டும், ஆரஞ்சுத் தோல் சிரப்புல.”

இதைத் தகப்பன் கேட்டுவிட்டான். அவன் முகம் மாறியது.

“இன்னா டாக்டரம்மா, வெள்ளத் தண்ணியா? எந்தம்பி மூட்டப்பூச்சி மருந்து குட்ச்சிட்டப்போ பெரியாஸ்பத்திரில இத்தத்தான் ஊத்தினாங்க. நாலு பேர் புட்ச்சிக்கினு ஊத்தினாங்க. கொடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. எம்பொண்ணு இன்னா வெசமா குட்ச்சிக்கீது?” மனைவியின் முழங்கையைப் பிடித்தான். “நீ வா. செத்தா நம்மூட்லயே சாவட்டும்.”

அந்த நிமிடத்தில் அந்தக் குழந்தை மருந்தக வாசலைத் தாண்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டாக்டரம்மா அவனைத் தடுக்கவில்லை. கம்பவுண்டரின் கையிலிருந்த அவுன்ஸ் கிளாஸை வாங்கினார். அவரே கலந்தார். வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், மோர் குடிப்பதைப் போல் அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தார். குழந்தைக்கு எழுதிய அளவைவிட அது நிச்சயம் அதிகம், எனக்குத் தெரிந்தது. கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

“பாத்துக்கோ. நான் போயிட்டா ஒங்க கடல்லயே போட்டுடு. இல்லேன்னா உக்காரு.”

தகப்பன் உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நிதானமாக நடந்து என் அறைக்குள் வந்தார், கதவைச் சாத்தினார், கைகழுவும் தொட்டிக்குக் குனிந்து வாந்தி எடுத்தார். குழாயை முழுவதும் திறந்துவிட்டிருந்ததால் வெளியே சத்தம் கேட்டிருக்காது. நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாய் கொப்பளித்து, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“காலம்பற ஒண்ணுமே சாப்பிடலை. அதான். வெறும் வயத்துல குடுக்கப்படாது. சாப்பாட்டுக்கப்புறம்னு லேபிள்ல போடச் சொல்லுங்கோ.”

கதவைத் திறந்துகொண்டு, நுழைந்தபோது இருந்த அதே நடையில் வெளியே போனார்.

அந்த வார முடிவுக்குள் தாய் ஓட்டமும் நடையுமாக வந்தாள். டோக்கன் வாங்கவில்லை. குழந்தையை மேஜைமேல் கிடத்திவிட்டு அலறினாள்.

“அழுவவே மாட்டேங்குதும்மா! ராவெல்லாம் சத்தமே இல்ல. மூத்தவனும் இப்டித்தான் கம்முனு ஆனான். மறாநாளு...”

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா குழந்தையின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு பக்கத்திலிருந்த குழந்தையின் கையிலிருந்து, கேட்காமல்தான், ஒரு பன்னைப் பிடுங்கி இவள் முகத்துக்கு நேரே நீட்டினார். புண்ணான விரல்கள் மெதுவாக எழுந்தன. பன்னைப் பற்றின. வாய்க்குக் கொண்டுபோயின.

“அடி அசடே, அவ தூங்கியிருக்காடி” என்றார் டாக்டரம்மா. “இத்தனை நாளைக்கப்புறம் வலியில்லாம தூங்கியிருக்கா. இப்பப் பசிக்கறது. ஆத்துக்குப் போய்க் கஞ்சி குடு.”

பன்னைப் பறிகொடுத்த குழந்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தது. தாய் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

புண்கள் காய்ந்தன. பேதி நின்றது. கொட்டிய இடத்தில் முடி பூனை ரோமம் மாதிரி முளைத்தது. ஒரு நாள் அந்தப் பெண் என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தர மறுத்தபோது, நோய் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். அன்றைய கடிதம் வழக்கம்போல ஒரே வரி: ‘கண் மருந்துக்கான துத்தநாக சல்பேட் ஒரு குழந்தைக்கு உள்ளுக்கு வழங்கப்பட்டு வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

தட்டச்சு செய்து அனுப்பினேன். மாடி அலுவலகத்தில் அதை யாரும் படிக்கவில்லை. அவர் கடிதங்களைப் படிப்பதை அவர்கள் ஜன்னல் காலத்திலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நோய் போகவில்லை என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. அதற்குள் தாய்க்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பழவேற்காட்டில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று குடும்பத்தோடு போனார்கள். போனவர்கள் அங்கேயே சில வாரம் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். பெண்ணின் வாயோரத்தில் பழைய சிவப்பு. விரல்கள் மறுபடி வெடித்திருந்தன.

“நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு மருந்துன்னு வுட்டுட்டோம்மா” என்றான் தகப்பன். திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பேஷ்! இப்ப எனக்கும் தெரிஞ்சுது, ஒனக்கும் தெரிஞ்சுது. நிறுத்தினா வரும், குடுத்தாப் போகும்.”

“எத்தினி நாளிக்குக் குடுக்கணும்?”

“இவளுக்குப் பல்லு விழறவரைக்கும்.”

“அஞ்சாறு வருசமா?”

“அந்தப் பல்லு இல்லை. கெழவியாகி விழுமே, அது.”

வாழ்நாள் முழுவதும் என்று எந்த மருத்துவரும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலை கார் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். “இதெல்லாம் நிச்சயமாத் தெரியுமா டாக்டர்?”

“ஒரு பேப்பர் படிச்சிருக்கேன், ஒரு கொழந்தையைப் பாத்திருக்கேன். இதுல நிச்சயம் எங்கேர்ந்து வரும்?” என்றார். “ஆனா நான் இழுத்துண்டு பேசினா அவ மருந்து குடுப்பாளா?” பிறகு தலையை வெளியே நீட்டி, “நாலு பேர் வாங்கோ” என்றார்.

அந்த ஆண்டுத் தணிக்கையில் விஷயம் வெளியே வந்தது. கண் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறவில்லை, கண் மருந்துத் தூளின் செலவு மட்டும் எப்படி ஏறியது என்று கேட்டார்கள். செயலாளர் நேரில் வந்தார்.

“என்னம்மா டாக்டரம்மா, கண்ணுல விடுத மருந்தப் பிள்ளைக்கு வாயில ஊத்துதியளாமே?”

“ஊத்தறேன். தெரிவிச்சேனே, படிக்கலையா?”

“படிச்சேம், படிச்சேம்” என்றார் படிக்காத செயலாளர். “நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? எங் கடையில வேட்டிய எடுத்துச் சேலைன்னு வித்தா வாங்குதவன் விடுவானா?”

“வித்துப் பாருங்கோ. கட்டிண்டு நன்னா இருந்தா அவன் ஏன் விடப்போறான்?”

செயலாளர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கெட்டிக்காரர். சிரித்து முடித்ததும் சொன்னார்: “நீங்க இருக்கியவரை நாங் கண்டுக்கிடல. ஒங்களுக்கு அப்புறமா வாரவரு குழு உத்தரவில்லாமத் தரக்கூடாது. அம்புட்டுதாம்.”

டாக்டரம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கியிருந்தது. எனக்கும் அது தெரியும், விதிப் புத்தகத்துக்கும் தெரியும். அவருக்குத்தான் அன்று முதன்முதலாக உறைத்தது என்று நினைக்கிறேன். ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் அடிபட்ட பேச்சைக் கேட்ட பட்டினப்பாக்கத்துக்காரிக்கு அது இன்னும் பலமாக உறைத்தது. அவள் இரண்டாவது மகன் நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, இன்னும் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தான். சோறு இறங்கவில்லை. கை காலெல்லாம் குச்சி. அவளும் மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, மீன் கூடையைத் தூக்கும்போது தள்ளாடினாள்.

“பாலை நிறுத்து. அவன் சோறு திங்கணும்” என்றார் டாக்டரம்மா.

“மாட்டேம்மா. ரெண்டு புள்ளைக்கும் பால நிறுத்தினப்பறந்தான் வந்துச்சு.”

“எல்லாருக்கும் வராது. வந்தா மருந்து இருக்கு.”

“நீ கீற. நீ பூட்டா? புதுசா வரவரு குடுப்பாரா?” எழுதப் படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் எங்கள் ஸ்தாபனத்தின் நிர்வாக நடைமுறையை அவளைப்போல் யாரும் சுருக்கிச் சொன்னதில்லை. “குடுப்பாங்கன்னு எய்தி வாங்கிக் குடு. மறாநாளே நிறுத்துறேன்.”

அன்று மத்தியானம் டாக்டரம்மா என் அறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம் முழுவதும் போனது, அதுவே அதிசயம். கடைசி வரியில் என் விரல் நின்றுவிட்டது.

‘...ஓய்வுக்குப் பின்னரும் இம்மருந்து தடையின்றி வழங்கப்பட அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.’

“தெரிவித்துக்கொள்கிறேன்னு போட்டுடவா டாக்டர்?”

“வேண்டாம். நான் போனப்புறம் தெரிவிக்க யார் இருக்கா? வேண்டிக்கறேன்னே போடுங்கோ.” சற்றுப் பொறுத்து, “பணிவுடன்னு வரணுமோல்லியோ? அதான் வழக்கமா?” என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. வழக்கம்தான் என்றேன்.

கோப்பு கிளம்பியது. கோப்புகள் எப்படிப் போகும் என்பதை நான் அறிவேன். குழு அதை மருத்துவ ஆலோசகருக்கு அனுப்பியது. அவர், கண் மருந்து சம்பந்தப்பட்டதாகையால் கண் மருத்துவரின் கருத்து தேவை என்றார். கண் மருத்துவர் தீர யோசித்து, நோய் கண்ணில் இல்லாததால் தமக்குக் கருத்து ஏதுமில்லை என்று எழுதினார். வாந்தி மருந்தை வாந்தி எடுக்கும் குழந்தைக்குத் தருவது ஏன் என்று ஒரு கேள்வி வந்தது. டாக்டரம்மா பதில் எழுதினார். பன்னிரண்டு வயதுக்கு மேல் எங்கள் மருந்தகத்தில் யாருக்கும் மருந்து கிடையாது என்றிருக்க, வாழ்நாள் முழுவதும் என்பதன் பொருள் என்ன என்று இன்னொன்று வந்தது. அதற்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். அவர் பொறுமையாக இருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவருடைய கடைசி வேலை நாளும் வந்தது. பதில் வரவில்லை. புதிய டாக்டர் பொறுப்பேற்க வந்திருந்தார். இளைஞர், பண்பானவர், சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டிருப்பவர்.

“எழுத்துல உத்தரவு இருந்தா நிச்சயம் குடுக்கறேன் மேடம். இல்லாமக் குடுத்து நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த விதியை எழுதியவன் நான்.

பெஞ்சில் பட்டினப்பாக்கத்துக்காரி இருந்தாள். பெண் பக்கத்தில் நின்று மிட்டாய்க் காகிதத்தை நக்கிக்கொண்டிருந்தது. பையன் மடியில், முந்தானைக்குள் தலையை நுழைத்திருந்தான்.

“பதிலு வந்துச்சாம்மா?”

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அந்தப் பையனின் கால்களைப் பார்த்தார்.

“வந்துடுத்து” என்றார். குரல் கணீரென்று இருந்தது. “உண்டுன்னு எழுதிட்டா. பொண்ணுக்கு எப்பவும் போல. பையனுக்கு வந்தா அவனுக்கும். நாளைக்கே நிறுத்து.”

புதிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். கம்பவுண்டர் திரும்பினார். தாயும் திரும்பினாள், டாக்டரம்மாவையே முழுதாக நம்பாத கெட்டிக்காரி. கடிதம் எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

“உத்தரவெல்லாம் ஆபீஸ் வழியாத்தாம்மா வரும்” என்றேன். “ஃபைல் சுத்துல இருக்கு. டாக்டருக்கு நான் காட்டறேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோப்பு சுற்றில்தான் இருந்தது. வந்ததும் காட்டத்தான் போகிறேன். தாய்க்கு அது போதுமாக இருந்தது. முந்தானையை இழுத்து மூடினாள்.

மறுநாள் மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாளாம். பையன் இரவெல்லாம் கத்திக் குப்பத்தையே எழுப்பினானாம். அதன் பிறகு எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் அவள் மீன் விற்கப் போவாள். ஒரு காலை வந்தவள் அவனை நேரே டாக்டரின் மேஜைமேல் உட்கார வைத்தாள். பையனின் வாயோரத்தில் சிவப்பு. புதிய டாக்டர் முகம் வெளுத்து, பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தார். பஞ்சில் சிவப்பு வந்துவிட்டது, வாயோரம் சுத்தமாக இருந்தது. பஞ்சை முகர்ந்து பார்த்தார்.

“மீன் குழம்பு” என்றார்.

அந்த இளைஞர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். பையனுக்கு நோய் வரவேயில்லை. குழம்புதான் வந்தது, வேளைக்கு வேளை.

பெண்ணின் மருந்து நிற்கவில்லை. புதிய டாக்டர் சில நாள் “ஃபைல் வந்துதா சார்?” என்று கேட்டார். “சுத்துல இருக்கு” என்றேன். ஒருமுறை மழையில் வர முடியாமல் மருந்து தப்பி, அந்தப் பெண்ணின் விரல்கள் சிவந்து, மருந்து குடித்ததும் ஆறியதை அவரே கண்ணால் பார்த்தார். பிறகு அவர் கோப்பைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மட்டும் மாதம் ஒரு தொலைபேசி வரும்.

“வந்துதா?”

“இல்லை டாக்டர்.”

“பொண்ணு?”

“வந்துண்டு இருக்கா.”

வைத்துவிடுவார். கேட்கத் தெரியாதவர் என்று நான் சொன்னேனே, கடைசியில் அவர் கேட்டது இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

பதில் ஒரு காலை வந்தது. முன்னாள் மருத்துவ அதிகாரிக்கு என்று முகவரி. பிரித்தபோது எதிரே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைப் பின்னல், புது நீலப் பாவாடை, சிலேட்டு. பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில் மருந்தை வாங்கிக்கொள்ளலாம் என்று தாய் அழைத்து வந்திருந்தாள். உள்ளே கம்பவுண்டர் சீசாவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் தொலைபேசியைச் சுழற்றினேன். “வந்துடுத்து டாக்டர்.”

“படியுங்கோ.”

படித்தேன். விதி பதினான்கு இந்த ஒரு குழந்தையின் பொருட்டுத் தளர்த்தப்படுகிறது. மருந்து வழங்கத் தடையில்லை. எனினும் மனு அளித்துக் காலம் கடந்துவிட்டபடியால், குழந்தையின் தற்போதைய நிலையைக் கீழ்க்கண்டவாறு சான்றளித்து உடன் திருப்பி அனுப்பவும்: உயிருடன் உள்ளது / உயிருடன் இல்லை. பொருந்தாததை அடித்துவிடவும்.

“அடிச்சுட்டேளா?” என்றார்.

“இன்னும் இல்லை.”

“அடிங்கோ. அழுத்தி அடிங்கோ, மானேஜர்வாள். தேதி போடுங்கோ.”

அளவுகோலை வைத்து ‘உயிருடன் இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, மை காயும்வரை காத்திருந்து, மறுபடியும் ஒரு கோடு இழுத்தேன். பெண் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தேதியைப் போட்டேன். அது ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த திங்கட்கிழமை.